யப்பான் கொம்பனியில் பெரிய வேலை

"நாளைக்கு மத்தியானம் யப்பான் சாப்பாடு" என்று புஸ்பவதி அறிவித்தபோது, கதிர்காமநாதன் குடித்துக்கொண்டிருந்த தேநீரில் பாதி தொண்டையில் நின்றது. மீதி மூக்கு வழியாக வெளியே வந்தது.

அவள் அப்படி ஒன்றும் பொல்லாத விஷயத்தைச் சொல்லிவிடவில்லை. அவளுடைய தமையன் செல்வராசாவும் மனைவி ஜெயமலரும் ஊன்ட்றொப் காமாட்சி அம்மன் தேர் பார்க்கவென்று கனடாவிலிருந்து வந்து, ஜேர்மனியில் நொய்ஸ் நகரத்தில் இவர்கள் வீட்டில் தங்கியிருந்தார்கள். ஞாயிற்றுக்கிழமையோடு தேர் முடிந்துவிட்டது. பத்து நாளாக மீன், இறைச்சி என்று மச்சம் எல்லாம் விலக்கியிருந்த செல்வராசாவுக்குப் பக்கத்து வீட்டு ஜன்னலில் படுத்திருக்கும் பூனைகூடப் பொரித்த கோழி மாதிரித் தெரிய ஆரம்பித்திருந்தது.

"மச்சான் யப்பான்காரரோட பதினொரு வருஷமா வேலை செய்யிறார். அவையின்ர சாப்பாட்டை எங்களுக்கும் ஒருக்காக் காட்டட்டுமன்" என்றார் செல்வராசா.

கதிர்காமநாதன் மூக்கைத் துடைத்துக்கொண்டு, யப்பான்காரர் எதையும் அடுப்பில் வைக்காதவர்கள் என்று விளக்கினார். மீனைப் பச்சையாகத் தின்பார்கள், முட்டையை அப்படியே உடைத்துக் குடிப்பார்கள், பாசியைச் சுருட்டி வாயில் போடுவார்கள். ஜெயமலர் முகத்தைச் சுளித்தாள். அவருக்கு உயிர் வந்தது.

"பச்சையில்லை. கறி" என்றாள் புஸ்பவதி. "டுசல்டோர்ப் ஸ்ரேசனுக்குக் கிட்ட யப்பான் கறிக்கடை ஒண்டு இருக்காம்."

"செவ்வாய்க்கிழமையில அது பூட்டு."

"துறந்திருக்காம். நான் ரெலிபோன் எடுத்துக் கேட்டு, பன்னிரண்டரைக்கு நாலு பேருக்கு மேசையும் பிடிச்சிட்டன்."

இந்த இடத்தில் அவர் கொஞ்சம் யோசித்திருக்க வேண்டும். புஸ்பவதி நான்கு வருஷமாக வாரத்தில் ஒரு காலை டொச் மொழி வகுப்புக்குப் போய் வருகிறாள். அந்த நான்கு வருஷத்தில் அவளுடைய டொச், காலை வணக்கத்தைத் தாண்டி மத்தியான வணக்கத்தைக்கூட எட்டவில்லை. பல் டொக்டரிடம் நேரம் எடுப்பதற்கும் கதிர்காமநாதன்தான் ரெலிபோன் பிடிக்க வேண்டும். அப்படிப்பட்டவள் தனியாக நாலு பேருக்கு மேசை பிடித்திருக்கிறாள். அவருக்கு அது உறைக்கவில்லை. அந்த நேரத்தில் அவருடைய தலைக்குள் ஒரே ஒரு பெயர்ப்பலகைதான் எரிந்து எரிந்து அணைந்துகொண்டிருந்தது: மொறித்தா கறிக்கடை.

அவருடைய யப்பான் கொம்பனி அதுதான்.

அவர் பொய் சொன்னவர் இல்லை. பதினொரு வருஷத்துக்கு முன்னர் அம்மன் தேரன்று அன்னதான வரிசையில் நின்றபோது, பின்னால் நின்றவர் எங்கே வேலை என்று கேட்டார். டுசல்டோர்பில் யப்பான்காரரிடம் என்று இவர் சொன்னார். கொம்பனியோ என்று அவர் கேட்டார். ஓம் என்று இவர் தலையாட்டினார். அவ்வளவுதான். சோறு வாங்கும் இடத்துக்கு வரிசை நகர்வதற்குள் இவர் மனேச்சராகிவிட்டார். அடுத்த வருஷத் தேருக்கு அவருக்குத் தனி அறையும் செக்கிரட்டரியும் கிடைத்தன. அதற்கடுத்த வருஷம் மாதத்துக்கு இரண்டு தடவை தோக்கியோவுக்குப் பறந்துகொண்டிருந்தார். உண்மையில் அவர் பறந்தது ஒரே ஒரு தடவை, கொழும்பிலிருந்து இங்கே வருவதற்கு.

இதை மறுத்துச் சொல்ல நினைக்காமலில்லை. ஆனால் புஸ்பவதியின் குடும்பத்தில் மருமக்கள் எல்லாரும் மேசைக்குப் பின்னால் இருந்து வேலை செய்பவர்கள். தான் ஒருவன் மட்டும் அடுப்புக்கு முன்னால் நிற்கிறவன், குசினி வேலைக்காரன் என்று தெரிந்தால், அவள் தன் சொந்தக்காரருக்கு முன்னால் தலை குனிந்துவிடுவாள். அந்த ஒரு தலைகுனிவைப் பார்க்கக்கூடாது என்பதற்காகப் பதினொரு வருஷமாகத் தினமும் கழுத்தில் ரை கட்டி, பிறீவ்கேஸ் தூக்கி, காலை ரயிலில் போய்வந்தார். பிறீவ்கேஸுக்குள் ஒரு கத்தி, றப்பர் செருப்பு, ஒரு பேணி மிளகாய்த்தூள்.

அந்தத் தூளுக்குத் தனிச் சரித்திரம் உண்டு. யப்பான் கறி என்பது ஒரு பக்கம் வெள்ளைச் சோறு, மறுபக்கம் கரும்பழுப்பு நிறத்தில் தடித்த குழம்பு. காரம் ஒன்றிலிருந்து ஐந்து வரை. அதற்கு மேலே என்ன வைப்பது என்பதைச் சாப்பிடுகிறவர்தான் தெரிவு செய்ய வேண்டும். பாண்தூளில், அதாவது ரொட்டித்தூளில், பிரட்டிப் பொரித்த கோழி, இறால், வாட்டிய கத்தரிக்காய், கீரை, அவித்த முட்டை என்று இருபத்திரண்டு சாமான். முதலாளி மொறித்தாவின் குழம்பு அந்தக் காலத்தில் பிள்ளைகளின் இருமல் மருந்து மாதிரி இனிக்கும். ஒருநாள் கதிர்காமநாதன் புஸ்பவதி வறுத்து இடித்த தூளில் ஒரு கரண்டியை யாருக்கும் தெரியாமல் அதற்குள் போட்டார். மொறித்தா ருசி பார்த்துவிட்டுக் கண்ணை மூடியபடி நாலு நிமிஷம் அசையாமல் நின்றார். பரிமாறும் பெண் பிர்கிட் அம்புலன்ஸைக் கூப்பிட ஓடினாள். கண்ணைத் திறந்த மொறித்தா, இனிமேல் காரம் ஐந்து என்றால் இதுதான் என்று சொல்லிவிட்டார்.

வீட்டில் தூள் கெதியாக முடிவதைப் பற்றிப் புஸ்பவதி ஒரே ஒரு தடவைதான் கேட்டாள். அடுத்த முறை இரண்டு மடங்கு வறுத்துவிட்டாள். தனக்கு வயது போகப்போக உறைப்புக் கூடத் தேவைப்படுகிறது என்று அவள் நினைத்திருப்பாள் என்று கதிர்காமநாதன் தன்னைத் தேற்றிக்கொண்டார்.

குசினியிலிருந்து சாப்பிடுகிறவர்களின் முகம் தெரியாது. ஒரு சின்ன ஜன்னல் வழியாக என்ன வேண்டுமென்று எழுதிய துண்டு வரும், சோற்றுக் கோப்பை போகும். ஆனாலும் அவருக்கு ஒரு இரசிகர் இருந்தார். வியாழக்கிழமைகளில் ஏழாம் மேசையிலிருந்து ஒரு துண்டு வரும்: காரம் ஐந்து, கத்தரிக்காய், முட்டை வேண்டாம். யப்பான்காரரே காரம் மூன்றில் கண் கலங்கி, நாலில் கடவுளைக் கூப்பிடும் கடை அது. ஐந்தைக் கேட்கும் நெஞ்சுரம் அந்த ஒருவருக்குத்தான் இருந்தது. அவருடைய கோப்பை கழுவத் தேவையில்லாத சுத்தத்தோடு திரும்பி வரும். தோக்கியோவில் பெரிய வங்கி ஒன்றை நடத்தி ஓய்வுபெற்ற கிழவர் என்று கதிர்காமநாதன் முடிவு கட்டியிருந்தார். நரைத்த புருவத்தையும் வெள்ளிப்பூண் போட்ட கைத்தடியையும்கூட அவருக்குக் கொடுத்திருந்தார். வாரம் தவறாமல் அவருக்கு ஒரு துண்டு கத்தரிக்காய் கூட வைப்பார். ஓய்வுபெற்ற வங்கித் தலைவர்களுக்கு இந்த உலகத்தில் வேறு யார் கத்தரிக்காய் வைக்கப்போகிறார்கள்?

அன்று பின்னேரம் அவர் குப்பை போடப் போவதாகச் சொல்லிவிட்டுக் கீழே இறங்கி, கைத்தொலைபேசியில் மொறித்தாவைப் பிடித்தார்.

"நாளைக்கு நான் கடைக்கு வருவேன். என்னை உங்களுக்குத் தெரியாது."

மொறித்தாவுக்கு விளங்கவில்லை. "உங்களை எனக்குப் பதினொரு வருஷமாகத் தெரியும், நாதன்-சான்."

"நாளைக்கு மட்டும் தெரியாது. பிர்கிட்டுக்கும் சொல்லுங்கள். எங்கள் மேசையில் யாரையும் அவளுக்குத் தெரியாது."

"எத்தனை மணி வரைக்கும்?" என்று மொறித்தா கேட்டார். அவர் எதையும் ஒழுங்காகச் செய்கிற மனிதர்.

அடுத்தது குசினி. விடுமுறையில் இருக்கும் கதிர்காமநாதனுக்குப் பதிலாக அந்த வாரம் ஜேசுரட்ணம் சமைத்தான். மன்னார்ப் பெடியன்; வந்து மூன்று மாதம். அவன் வருஷா வருஷம் கேவலார் மாதா கோயிலுக்குப் போகிறவன், ஊன்ட்றொப் பக்கம் தலை வைப்பதில்லை. அந்த ஒரு தகுதிக்காகவே கதிர்காமநாதன் அவனை வேலைக்குச் சிபாரிசு செய்திருந்தார். வெளியே தலை காட்டாதே, தமிழில் இருமக்கூட வேண்டாம் என்று அவனுக்குக் கட்டளை போனது.

மறுநாள் பன்னிரண்டரைக்கு நாலு பேரும் கடை வாசலை அடைந்தார்கள். தன்னைத் தெரியாத மாதிரி நடிக்கச் சொன்னால் மொறித்தா என்ன செய்வார் என்று கதிர்காமநாதன் யோசிக்கவில்லை. தெரியாதவர் என்றால் வாடிக்கையாளர். வாடிக்கையாளர் என்றால் குனிய வேண்டும். மொறித்தா குனிந்தார். பதினொரு வருஷம் தன் கடையைத் தூக்கி நிறுத்திய மனிதர் என்ற நன்றியும் அதோடு சேர்ந்துகொண்டதால், நெற்றி முழங்காலில் முட்டும் வரைக்கும் குனிந்தார். குனிந்தவர் நிமிர மறந்துவிட்டார். பின்னால் வந்த இரண்டு வெள்ளைக்காரர் அவரைச் சுற்றிக்கொண்டு உள்ளே போக வேண்டியதாயிற்று.

செல்வராசாவின் வாய் திறந்தபடி நின்றது. "மச்சான், நீர் மனேச்சர் எண்டெல்லோ சொன்னவை. இதைப் பாத்தால் டிறெக்டர் மாதிரிக் கிடக்கு."

"அவையின்ர பழக்கம் அது" என்றார் கதிர்காமநாதன்.

"அந்த வெள்ளையளுக்கு ஏன் குனியேல்லை?"

கதிர்காமநாதன் மேசையைத் தேடி நடந்தார். செல்வராசா மைத்துனரைப் புதுக் கண்ணால் பார்த்தார். உட்கார்ந்ததும், சாப்பாட்டுக்குப் பிறகு அவருடைய ஒவ்வீசையும் பார்த்துவிட்டுத்தான் போவது என்று தீர்மானம் போட்டார். எங்கே இருக்கிறது என்று கேட்டார். கதிர்காமநாதன் அவசரத்தில் ஜன்னலுக்கு வெளியே தெரிந்த மிக உயரமான கட்டடத்தைக் காட்டினார்.

"எத்தினையாம் மாடி?"

"ஒன்பது."

ஜெயமலர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு எட்டிப் பார்த்தாள். அவள் கனடாவில் மருந்துக்கடையில் வேலை செய்தவள். எதையும் கூர்ந்து பார்க்கிற பழக்கம். "அண்ணை, ஒன்பதாம் மாடியில ஒரு பெரிய பல்லுப் படம் போட்டிருக்கே?"

"அது கொம்பனியின்ர சின்னம்" என்றார் கதிர்காமநாதன். நெற்றியில் முதல் துளி வியர்வை இறங்கியது.

பிர்கிட் வந்தாள். தெரியாத மாதிரி நடிக்கச் சொன்னதை அவள் ஒரு நாடகப் பரீட்சையாகவே எடுத்துக்கொண்டிருந்தாள். கதிர்காமநாதனின் முகத்துக்கு நேரே பட்டியலை விரித்து, நீங்கள் முன்பின் கறி சாப்பிட்டிருக்கிறீர்களா என்று கேட்டாள். கறி என்பது இந்தியப் பக்கத்திலிருந்து வந்த ஒருவகைக் குழம்பு என்றும், அதைச் சோற்றோடு சேர்த்து உண்ண வேண்டும் என்றும், கொஞ்சம் உறைக்கும், பயப்பட வேண்டாம் என்றும் யாழ்ப்பாணத்தார் நாலு பேருக்கு ஏழு நிமிஷம் வகுப்பெடுத்தாள். செல்வராசா அவ்வளவையும் பொறுமையாகக் கேட்டார். பிறகு, அவளுக்குக் கறியைப் பற்றி என்ன தெரியும் என்று தமிழில் கேட்டார்.

யாரும் பட்டியலைத் துருவ வேண்டாம் என்று கதிர்காமநாதனே எல்லாருக்கும் சாப்பாடு சொல்லிவிட்டார். செல்வராசாவுக்குக் காரம் ஐந்து, பொரித்த கோழி. ஜெயமலருக்குக் காரம் இரண்டு, இறால். தனக்குக் கீரை. புஸ்பவதிக்குக் காரம் இரண்டு, அவித்த முட்டை. அவள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். பிறகு பட்டியலை மூடி வைத்துவிட்டுத் தண்ணீர் குடித்தாள்.

பிர்கிட் போய் இரண்டு நிமிஷம் ஆகவில்லை, கதிர்காமநாதனின் மூக்கு விடைத்தது. குசினியிலிருந்து ஒரு மணம் வந்தது. மற்றவர்களுக்கு அது சாப்பாட்டு மணம். அவருக்கு அது மரண அறிவித்தல். வெங்காயம் அடிப்பிடித்துவிட்டது.

அவர் எழுந்தார். "ஒருக்கா ரொய்லெற்றுக்குப் போட்டு வாறன்."

குசினிக்குள் ஜேசுரட்ணம் புகைக்கு நடுவில் நின்றான். மாவையும் பட்டரையும் சேர்த்துக் கிண்டியதில் குழம்பில் கட்டி கட்டியாக மிதந்தது. கதிர்காமநாதன் ரையைத் தோளுக்குப் பின்னால் எறிந்தார். அடிப்பிடித்ததைத் தொடாமல் மேலாக வடித்தெடுத்தார். தனக்கென்று நேரகாலத்தோடு வதக்கிக் குளிர்பெட்டியில் வைத்திருந்த வெங்காயத்தை அதில் கொட்டினார். அப்பிளைத் துருவிப் போட்டார். அலுமாரிக்குப் பின்னால் ஒளித்திருந்த பேணியைத் திறந்து தூள் போட்டார். நாலு நிமிஷத்தில் திரும்பிவந்து உட்கார்ந்தபோது, நூறு மீற்றர் ஓட்டத்தில் முதலாவதாக வந்தவர் மாதிரி மூச்சு இளைத்தார்.

ஜெயமலர் அவரை மேலும் கீழும் பார்த்தாள்.

கதிரை சூடேறவில்லை, குசினிப் பக்கமிருந்து எண்ணெய்ச் சத்தம் வந்தது. கதிர்காமநாதன் எண்ணெயின் சூட்டைக் காதால் அளக்கிறவர். நூற்றெழுபது பாகையில் எண்ணெய் மழை மாதிரிப் பேசும். இது கொட்டாவி விட்டது. இந்த எண்ணெயில் போட்டால் கோழி பொரியாது, குளிக்கும்.

"ஒருக்கா..." என்று எழுந்தார்.

இரண்டாம் தடவை திரும்பியபோது அவருடைய மீசையில் பாண்தூள் ஒட்டியிருந்தது. புஸ்பவதி ஒன்றும் கேட்காமல் கைக்குட்டையால் அதைத் துடைத்துவிட்டாள். மூன்றாம் தடவை கத்தரிக்காய் வாட்டுகிற மணம் வந்தது. அது பக்கத்து மேசைக்குப் போகிற கத்தரிக்காய்தான், ஆனாலும் அவரால் இருக்க ஏலவில்லை. திரும்பி வந்தபோது ஜெயமலர் கையைக் கட்டிக்கொண்டு காத்திருந்தாள்.

"அண்ணை, அரை மணித்தியாலத்தில மூண்டு தரம். வேர்க்குது, இளைக்குது. உங்களுக்குச் சலரோகம், சீனி வருத்தம்தான்."

"சீச்சீ."

"எத்தினை பேரைப் பாத்தனான். முதல் சோத்தை விடுங்கோ. காலமை வெறும் வயித்தில பாவற்காய்ச் சாறு." கோப்பைகள் வந்ததும் அவள் செய்த முதல் வேலை, அவருடைய சோறு முழுவதையும் வழித்துத் தன் கணவனின் கோப்பையில் போட்டதுதான். கதிர்காமநாதனுக்கு முன்னால் இரண்டு கரண்டிக் கீரை மட்டும் மிஞ்சியது.

செல்வராசா குழம்பைக் கரண்டியால் கிண்டினார். கறி என்றால் மீன் தெரிய வேண்டும், எண்ணெய் மிதக்க வேண்டும், இது கஞ்சியா களியா என்று ஒரு சின்னப் பிரசங்கம் செய்தார். யப்பான்காரன் கார் செய்வான், ரேடியோ செய்வான், கறி செய்ய அவனால் ஏலாது என்று முடித்துவிட்டு ஒரு வாய் வைத்தார்.

பேச்சு நின்றது.

இரண்டாவது வாய். மூன்றாவது வாய். காதுமடல் சிவந்தது. தலைமயிரின் அடியில் வியர்வை முத்து முத்தாகப் பூத்தது. பொரித்த கோழியைக் கடித்தபோது எழுந்த மொறுமொறுப்பில் தெருவில் போன நாய் திரும்பிப் பார்த்தது. கோப்பை வெறுமையாகும் வரைக்கும் அவர் ஒரு சொல் பேசவில்லை. ஜெயமலர் கலியாணம் முடித்த முப்பது வருஷத்தில் அவ்வளவு நீளமான அமைதியைக் கண்டதில்லை என்பது அவளுடைய முகத்தில் தெரிந்தது.

கதிர்காமநாதன் கீரையை மென்றபடி தன் மைத்துனரைப் பார்த்தார். பதினொரு வருஷத்தில் தன் கறியை ஒருவர் சாப்பிடுவதை நேரில் பார்ப்பது அவருக்கு இதுதான் முதல் தடவை. ரைக்குள் நெஞ்சு விம்மியது.

"இதைச் செய்தவனைக் கூப்பிடுங்கோ" என்றார் செல்வராசா. "கையைப் பிடிச்சு ரெண்டு வார்த்தை சொல்ல வேணும்."

கதிர்காமநாதன் சமையல்காரர் வேலையில் இருப்பார், யப்பானில் அது வழக்கமில்லை, அவர் கூச்சக்காரர் என்று மூன்று காரணம் சொன்னார். செல்வராசா அதற்குள் மொறித்தாவைக் கையசைத்துக் கூப்பிட்டுவிட்டார். மொறித்தா கேட்டார். கதிர்காமநாதனைப் பார்த்தார். அவரைத் தனக்குத் தெரியாது என்பது நினைவுக்கு வந்தது. அந்த நிலைமையில் ஒரு நேர்மையான மனிதர் செய்யக்கூடிய ஒரே காரியத்தைச் செய்தார். அடுப்படியில் நின்றவனை அழைத்துவந்து நிறுத்தினார்.

"தமிழே?" என்றார் செல்வராசா.

ஜேசுரட்ணம் கதிர்காமநாதனைப் பார்த்தான். அவர் கண்ணால் சமாளி என்றார். "ஓம் அண்ணை. மன்னார்."

செல்வராசா கதிரையைப் பின்னால் தள்ளி எழுந்து அவனுடைய கையைப் பிடித்தார். அவருக்குக் கண் கலங்கியிருந்தது. அதில் பாதிதான் மிளகாய்த்தூள். "பாத்தீரே மச்சான், யப்பான்காரனுக்குக் கறி காச்சிக் குடுக்கவும் எங்கட ஆள்தான் வேண்டிக்கிடக்கு. தம்பி, சொல்லும், எப்பிடிச் செய்தனீர்?"

முதலில் அவன் கூச்சப்பட்டான். எல்லாம் மாதாவின் கிருபை என்றான். செல்வராசா இன்னும் புகழ்ந்தார். ஜெயமலரும் புகழ்ந்தாள். பக்கத்து மேசைக்காரரும் கை தட்டினார். புகழ் யாரைத்தான் விட்டது? ஜேசுரட்ணத்தின் முதுகு நிமிர்ந்தது. கைப்பக்குவம் என்பது பிறவியில் வர வேண்டும் என்றான்.

கதிர்காமநாதன் கீரையை விழுங்கினார்.

"பெரிய வேலை இல்லை அண்ணை" என்று அவன் கையை விரித்தான். "வெங்காயத்தை ஒரு பத்து நிமிஷம் வதக்கினாக் காணும்."

"பத்து நிமிஷமோ?"

கேட்டது கதிர்காமநாதன். கேட்கக்கூடாது என்றுதான் அவரும் நினைத்தார்.

"நெருப்பைக் கூட்டிவிட்டாச் சரிதானே" என்றான் ஜேசுரட்ணம், தான் யாரிடம் பேசுகிறான் என்பதையே மறந்து.

"அப்பிடிக் கூட்டித்தானே அடிப்பிடிக்க விட்டனீ. ஒண்டரை மணித்தியாலம். சின்ன நெருப்பு. பக்கத்தில நிண்டு கிண்ட வேணும், கை ஓயக்கூடாது. வெங்காயம் தேன் நிறத்துக்கு வந்து, பிறகு கோப்பி நிறத்துக்கு வரவேணும். பிறகுதான் அப்பிள். பிறகுதான் தூள்." அவர் எழுந்து நின்றுகொண்டிருந்தார். எப்போது எழுந்தார் என்று அவருக்கே தெரியாது. "இது என்ர கறி. பதினொரு வருஷமா என்ர கறி."

கடையில் கரண்டிச் சத்தம் நின்றது. ஜேசுரட்ணம் மெல்லப் பின்னால் நடந்து குசினிக்குள் மறைந்தான்.

செல்வராசா ஜன்னலைக் காட்டினார். "அப்ப அந்தப் பல்லுக் கட்டடம்?"

"அது பல்லு டாக்குத்தர்."

"சலரோகம்?" என்றாள் ஜெயமலர்.

"இல்லை தங்கச்சி. எண்ணெய் காயேல்லை, அதுதான் போனனான்."

அவள் தன் கோப்பையிலிருந்த சோற்றில் பாதியை அவருக்குத் திருப்பி வைத்தாள்.

"மச்சான் பெரிய வேலையில இருக்கிறார் எண்டு நான் கனடா முழுக்கச் சொல்லி வச்சிருக்கிறன்" என்றார் செல்வராசா மெதுவாக. வெறுங்கோப்பையைப் பார்த்தார். விரலால் அதன் ஓரத்தை வழித்து நக்கினார். "சொன்னதில பிழையில்லை. இன்னொரு கோப்பை கொண்டுவரச் சொல்லும். இந்த முறை முழுக்க உம்மட கையால."

கதிர்காமநாதனுக்கு அப்போதுதான் மூச்சு வந்தது. ஆனால் இன்னும் ஒரு பக்கம் திரும்ப வேண்டியிருந்தது. அவருக்குப் பயமாக இருந்தது. திரும்பாமலே, செல்வராசாவுக்குச் சொல்வது போல, அவளுக்குக் கேட்கச் சொன்னார். இது சும்மா குசினி வேலை இல்லை. தன் கறிக்கென்றே வாராவாரம் வியாழக்கிழமை ஒரு பெரிய மனிதர் வருகிறார். தோக்கியோவில் வங்கித் தலைவராக இருந்தவர். காரம் ஐந்தை ஒரு பருக்கை விடாமல் சாப்பிடுவார். இந்த ஊரில் தன் அருமை தெரிந்தவர் அவர் ஒருவர்தான்.

சொல்லிவிட்டுத் திரும்பினார்.

புஸ்பவதியின் கோப்பையில் அவித்த முட்டை தொடாமல் அப்படியே இருந்தது. அவள் தலை குனிந்திருந்தாள். தோள்கள் குலுங்கின. பதினொரு வருஷமாக எதைப் பார்க்கக்கூடாது என்று ரை கட்டித் திரிந்தாரோ, அதே தலைகுனிவு. கதிர்காமநாதனின் நெஞ்சுக்குள் ஏதோ அடிப்பிடித்தது.

மொறித்தா மெல்லப் பக்கத்தில் வந்தார். "நாதன்-சான், இப்போது எங்களுக்கு உங்கள் மேசையில் இருப்பவர்களைத் தெரியலாமா?"

கதிர்காமநாதன் தலையாட்டினார். இனி மறைக்க என்ன இருக்கிறது.

அந்த உத்தரவுக்காகவே இரண்டு மணித்தியாலமாக மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்ற பிர்கிட் ஓடிவந்தாள். கதிர்காமநாதனைத் தாண்டிப் போனாள். முட்டைக் கோப்பையை எடுத்துக்கொண்டு, குனிந்திருந்த புஸ்பவதியின் காதருகே சொன்னாள்:

"மன்னித்துக்கொள்ளுங்கள் ஃபிராவ் புஷ்பா, முட்டை கேட்டது அவர்தான், வியாழக்கிழமைக்கு வழமைபோல உங்கள் ஏழாம் மேசையை வைத்திருக்கிறேன்."